ஆக்கமும் சோதனையும்: சயரோக மருந்தொன்றின் வரலாறு

மருந்துகளின் வரலாற்றைக் கற்போர் பெரும்பாலும் கண்டுபிடித்தவரின் பெயரையும் கண்டுபிடித்த ஆண்டையுமே மனத்திற் கொள்வர். ஆயின் ஒரு மருந்தைக் கண்டுபிடித்தல் என்பது ஒரு செயலன்று. இரு செயல்களின் கூட்டமாகும். இன்ன அணுக்கள் இன்ன முறையிற் பிணைந்த சேர்வையொன்றை ஆக்குதல் முதலாவது செயல். அச்சேர்வை நோய்க்கிருமியை அழிக்கும், நோயாளியை அழிக்கமாட்டாது என்பதைச் சோதித்தறிதல் இரண்டாவது செயல். முன்னையது இரசாயன அறிஞரின் குடுவையில் நிகழ்வது. பின்னையது கிருமி வளர்க்கும் கண்ணாடிக் குழாயிலும், பிராணிகளின் உடலிலும், ஈற்றில் நோயாளியின் படுக்கையருகிலும் நிகழ்வது. இவ்விரண்டுக்கும் இடையே சில வாரங்கள் கழியலாம். ஒரு தலைமுறையே கழிந்துவிடுதலுங் கூடும்.

சயரோகத்துக்கு இன்றும் முதல்வரிசை மருந்துகளுள் ஒன்றாக விளங்கும் ஐசோநியாசிட் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டாகும். அது 1912ஆம் ஆண்டில் ஆக்கப்பட்டது. 1951ஆம் ஆண்டிலேதான் மருந்தென அறியப்பட்டது. இடைப்பட்ட 39 ஆண்டுகளிலே சயரோகத்தால் மாண்டவர் கோடிக்கணக்கினர். அவர்களைக் காத்திருக்கக்கூடிய சேர்வையின் ஆக்கமுறை அக்காலம் முழுவதும் நூலகங்களில் அச்சேறிய எழுத்தாகக் கிடந்தது. இது எவ்வாறு நேர்ந்தது, பின்னர் எவ்வாறு தீர்ந்தது என்பனவற்றை ஆராய்தல் மருத்துவ மாணவர்க்கு மட்டுமன்றி, அறிவு வளரும் முறையை அறிய விரும்பும் எவர்க்கும் பயன் தருவதாகும்.

ஐசோநியாசிட் பல்லினவட்டச் சேர்வைகள் என்னும் பெருங் குடும்பத்தைச் சேர்ந்தது. ஆறு காபன் அணுக்கள் வளையமாகக் கைகோத்து நிற்பது பென்சீன் என்பதைப் பாடசாலை மாணவரும் அறிவர். அவ்வளையத்திலே ஒரு காபன் அணுவை நீக்கி, அதன் இடத்தில் நைதரசன் அணுவொன்றை வைத்தால் அது பிரிடீன் ஆகும். இவ்வாறு காபனோடு நைதரசன், ஒட்சிசன், கந்தகம் முதலிய வேற்றினத்து அணுவும் கலந்து வளையமாகிய சேர்வைகளே பல்லினவட்டச் சேர்வைகள் எனப்படுவன. பிரிடீனை ஸ்கொத்லாந்து நாட்டு இரசாயன அறிஞர் தோமஸ் அன்டர்சன் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில், எலும்புகளைக் காய்ச்சி வடித்த துர்நாற்றமுள்ள எண்ணெயிலிருந்து பிரித்தெடுத்தார்.

இவ்வளையங்கள் உயிரினங்களின் உடலிலே எங்கும் காணப்படுவன. சின்கோனாப் பட்டையின் குயினீன், புகையிலையின் நிக்கொற்றீன், தேயிலையின் கபீன், உயிர்ச்சத்து பி வகையிற் பல, பரம்பரைப் பண்புகளைக் கடத்தும் கருவமிலங்களின் மூலங்கள் ஆகிய யாவும் பல்லினவட்டச் சேர்வைகளே. உயிரின் வேலைகள் பல இவ்வளையங்களைக் கொண்டே நடைபெறுகின்றன. ஆகவே அவற்றின் சாயலை உடைய புதிய சேர்வையொன்று, பூட்டினுள்ளே நுழையும் கள்ளத் திறவுகோல் போல, கிருமியின் உடலினுட் புகுந்து அதன் வேலையைக் குலைத்தல் கூடும். இக்கருத்து இன்று தெளிவாகத் தோன்றுகின்றது. ஆயின் 1912இல் இவ்வாறு எண்ணுதற்கு வேண்டிய அறிவு உலகில் இருக்கவில்லை.

சயரோகத்தின் கிருமியைத் தாம் கண்டதை ரொபேர்ட் கொக் 1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆந் திகதி பேர்லின் நகரில் அறிவித்தார். மனிதருள் எழுவரில் ஒருவர் அந்நோயால் இறக்கின்றனர் என்று அவர் அன்று கணக்கிட்டார். பகைவன் யார் என்பது தெரிந்துவிட்டது. அவனை வெல்லும் வழியும் விரைவிற் புலப்படும் என்றே பலரும் நம்பினர். 1890இல் கொக் தாமே ரியூபர்க்குலின் என்னும் பொருளை நோய் தீர்க்கும் மருந்தென வெளியிட்டார். ஐரோப்பாவெங்குமிருந்து நோயாளர் பேர்லினுக்கு விரைந்தனர். மருந்தென அது பயன் தரவில்லை. சிலருக்கு நோயை மிகுவித்து மரணத்தையும் விளைத்தது. பின்னாளில் நோய்த்தொற்றை அறியும் சோதனைப் பொருளாகவே அது நிலைபெற்றது. பேரறிஞர் ஒருவரின் வாக்காயினும் முறையான சோதனைக்கு அது ஈடாகாது என்பதற்கு அந்நிகழ்ச்சி சான்றாயிற்று.

சயரோகக் கிருமியைச் சோதனைக்கு உட்படுத்துதல் எளிதன்று. சாதாரணக் குடற்கிருமி ஏறத்தாழ 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகப் பிரிந்து பெருகும். சயரோகக் கிருமி ஒருமுறை பிரிவதற்கு ஏறக்குறைய ஒரு நாள் செல்லும். ஆகவே வளர்ப்பு ஊடகத்தில் அது கண்ணுக்குப் புலனாக வளர்வதற்கு வாரக்கணக்காகக் காத்திருத்தல் வேண்டும். அன்றியும், மெழுகு போன்ற கொழுப்பமிலங்கள் செறிந்த தடித்த சுவர் அதனைக் கவசமாக மூடி நிற்கின்றது. பல மருந்துகள் அக்கவசத்தைக் கடக்க மாட்டாது ஒழிகின்றன.

இரசாயனப் பொருள்களால் உடலினுள்ளே கிருமிகளை அழிக்கலாம் என்ற எண்ணம் சாயத் தொழிலிலிருந்தே பிறந்தது. 1856இல் இங்கிலாந்தில் வில்லியம் பேர்க்கின் என்னும் இளைஞர், குயினீனைச் செயற்கையாக ஆக்க முயன்று, அதற்குப் பதிலாக ஊதாநிறச் சாயமொன்றைப் பெற்றார். அதிலிருந்து பெருஞ் சாயத் தொழில் வளர்ந்தது. சாயங்கள் சில கிருமிகளின் உடலிற் சிறப்பாகப் பற்றுவதைக் கண்ட ஜேர்மானிய அறிஞர் போல் ஏர்லிக், பற்றும் பொருள் கொல்லவும் கூடுமன்றோ எனச் சிந்தித்தார். 1891இல் மெதிலீன் நீலம் என்னும் சாயத்தை மலேரியா நோயாளர் இருவருக்குக் கொடுத்துக் குணங் கண்டார். அச்சாயமும் நைதரசனும் கந்தகமும் கலந்த பல்லினவட்டச் சேர்வையே. பின்னர் ஆசனிக்குச் சேர்வைகள் பலவற்றை வரிசையாக ஆக்கி, ஒவ்வொன்றையும் நோயுற்ற பிராணிகளிற் சோதித்து, 1909இல் மேகநோய்க்குரிய சல்வர்சானை அவரும் அவர்தம் உதவியாளர் சகாசிரோ ஹற்றாவும் கண்டனர். ஆக்குதலையும் சோதித்தலையும் ஒரே கூரையின்கீழ் இணைத்தமையே ஏர்லிக்கின் பெருந் தொண்டாகும்.

ஆயினும் அம்முறை விரைவிற் பரவவில்லை. மலேரியா ஒட்டுண்ணி போன்றவற்றை மருந்து வெல்லலாம். சாதாரணப் பற்றீரியங்களை உடலினுள்ளே வெல்லுதல் இயலாது என்ற எண்ணமே மருத்துவ உலகில் வேரூன்றியிருந்தது.

இச்சூழலிலேயே 1912ஆம் ஆண்டின் ஆக்கம் நிகழ்ந்தது. அந்நாளில் ஒஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் நகராயிருந்த பிராக்கில், ஜேர்மன் பல்கலைக்கழகத்திலே ஹான்ஸ் மேயர் என்னும் பேராசிரியர் பிரிடீன் வழிவந்த அமிலங்களை ஆராய்ந்துகொண்டிருந்தார். அவரும் ஜோசப் மாலி என்பவரும், ஐசோநிக்கொற்றினிக்கு அமிலத்தின் எசுத்தரை ஐதரசீனுடன் தாக்கமுறச் செய்து, வெண்ணிறப் பளிங்கொன்றைப் பெற்றனர். அதன் அமைப்பையும் உருகுநிலை முதலிய இயல்புகளையும் முறைப்படி பதிந்து, வியன்னாவில் வெளிவந்த இரசாயன சஞ்சிகையில் வெளியிட்டனர். அவர்களின் நோக்கம் தூய இரசாயன அறிவு, அந்நோக்கம் நிறைவேறியது. அப்பளிங்கை எவரும் சயரோகக் கிருமியருகிற் கொண்டுசெல்லவில்லை. கொண்டுசெல்லுதற்குக் காரணமும் அன்று எவருக்கும் தோன்றியிருக்க இயலாது. மேயர் யூதக் குடும்பத்திற் பிறந்தவர். நாற்சிகளின் ஆட்சியில் தெரேசியன்ஸ்ரட் முகாமில் 1942இல் உயிர்நீத்தார். தாம் ஆக்கிய பொருளின் பெருமையை அவர் அறியவேயில்லை.

எனவே அவ்விருவர்மீதும் குற்றங் காணுதல் முறையன்று. விடை அவர்கள் கையில் இருந்தது. ஆயின் அதற்குரிய வினாவை எழுப்பும் காலம் இன்னும் வரவில்லை என்பதே உண்மை.

அவ்விடைக்காலத்தில் நோயாளர் பெற்ற சிகிச்சை யாது? வசதியுடையோர் மலைச்சாரல்களில் அமைந்த சனற்றோரியங்களுக்குச் சென்று, மாதக்கணக்காகவும் ஆண்டுக்கணக்காகவும் தூய காற்றும் ஓய்வும் ஊட்டமான உணவும் பெற்றனர். நோயுற்ற நுரையீரலுக்கு ஓய்வு கொடுத்தற்பொருட்டு அதனைச் சுருங்கச் செய்யும் சத்திர சிகிச்சைகளும் நடைபெற்றன. வறியோர் பெரும்பாலும் வீட்டிலேயே இருந்து, உற்றாருக்கும் நோயைக் கொடுத்து மாண்டனர்.

மருந்தென்ற பெயரில் வழங்கியவற்றுள் தங்கச் சேர்வைகள் பெயர்பெற்றன. டென்மார்க் நாட்டவரான மோல்கார்ட் 1924இல் சனோகிரைசின் என்னும் தங்கச் சேர்வையை அறிமுகஞ் செய்தார். பல நாடுகளின் வைத்தியர் அதனைப் பாராட்டினர். தம்மிடம் வந்த நோயாளர் சிலர் குணமடைந்தமையே அவர்களின் சான்று. ஆயின் சயரோகம் சிலரிடத்தில் மருந்தின்றியும் தணிவதுண்டு. ஆகவே மருந்து கொடுத்தபின் குணமடைந்தமை, மருந்தினாற் குணமடைந்தமை ஆகாது. இவ்வுண்மையை உணர்ந்த அமெரிக்க வைத்தியர் அம்பர்சனும் அவரது தோழரும் டெற்றோயிற் நகருக்கு அண்மையில் 24 நோயாளரைத் தெரிந்து, நிலையில் ஒத்த இரு குழுக்களாகப் பன்னிருவர் வீதம் வகுத்தனர். எக்குழு தங்கம் பெறுவது என்பதை நாணயமொன்றைச் சுண்டித் தீர்மானித்தனர். தமக்கு அளிக்கப்படுவது யாதென நோயாளர் அறியார். 1931இல் முடிவு வெளிவந்தது: தங்கம் நன்மை செய்யவில்லை, ஈரலுக்கும் சிறுநீரகத்துக்கும் தீங்கே செய்தது. ஆண்டுகள் பலவாகப் போற்றப்பட்ட மருந்தொன்றின் பெருமையை ஒரு நாணயச் சுண்டுதலும் நேர்மையான கணக்கும் தகர்த்தெறிந்தன. தீமையை விலக்கிய அச்சோதனையும் மருத்துவத்துக்குக் கிடைத்த ஒரு பேறே.

பற்றீரியங்களை இரசாயன மருந்தால் வெல்லலாம் என்பதை உறுதியாக நிறுவியவர் ஜேர்மனியில் பேயர் நிறுவனத்தின் ஆய்கூடத்திற் பணிபுரிந்த கெரார்ட் தோமாக் ஆவர். ஜோசப் கிளாரர், பிரிட்ஸ் மீற்ஸ் ஆகிய இரசாயன அறிஞர் ஆக்கிய சாயங்களை அவர் ஒன்றன்பின் ஒன்றாகச் சோதித்தார். அவர் சோதனைக்குத் தெரிந்துகொண்டது கண்ணாடிக் குழாயை மட்டுமன்று. கொடிய ஸ்ரெப்ரோகொக்கஸ் கிருமி ஏற்றப்பட்ட சுண்டெலிகளையும் அவர் பயன்படுத்தினார். 1932ஆம் ஆண்டு டிசம்பரில் புரொந்தோசில் என்னும் செந்நிறச் சாயம் பெற்ற சுண்டெலிகள் உயிர் பிழைத்தன, பெறாதவை மாண்டன. 1935இல் அம்முடிவு வெளியாயிற்று.

இங்கே நுணுகி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கண்ணாடிக் குழாயிற் புரொந்தோசில் கிருமியை ஒன்றுஞ் செய்வதில்லை. அதே ஆண்டில் பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்து அறிஞர் காரணத்தை விளக்கினர்: உடலினுள்ளே அச்சாயம் பிளவுற்று, அதிலிருந்து வெளிப்படும் சல்பனிலமைட்டே கிருமியைத் தடுக்கின்றது. தோமாக் குழாய்ச் சோதனையோடு நின்றிருப்பாராயின் அம்மருந்தை எறிந்திருப்பார். அன்றியும், அந்தச் சல்பனிலமைட்டை வியன்னாவில் போல் கெல்மோ என்னும் மாணவர் 1908இலேயே ஆக்கியிருந்தார். அதுவும் 27 ஆண்டுகள் மருந்தென அறியப்படாது கிடந்தது. எத்தகைய சோதனை செய்கின்றோம் என்பதே எது கண்டுபிடிக்கப்படும் என்பதைத் தீர்மானிக்கின்றது.

சல்பனிலமைட்டோடு பல்லினவட்ட வளையங்களை இணைத்தபோது மேலும் வலிய மருந்துகள் தோன்றின. பிரிடீன் வளையம் இணைந்த சல்பபிரிடீன் இங்கிலாந்தில் 1938இல் நியுமோனியாக் காய்ச்சலுக்கு மருந்தாயிற்று. தயசோல் வளையம் இணைந்த சல்பதயசோல் அடுத்து வந்தது. தயசோல் வகையைச் சார்ந்தவை சயரோகக் கிருமியையும் சிறிது தடுப்பதைத் தோமாக் கண்டார். தடுத்தல் சிறிதேயாயினும் அவர் அதனைப் புறக்கணிக்கவில்லை. அச்சேர்வைகளை ஆக்கும் வழியில் இடைநிலைப் பொருள்களாக வரும் தயோசெமிகாபசோன்களையும் சோதித்தபோது, அவை மிகுந்த ஆற்றலுடையனவாய் இருந்தன. போரின் அழிவுக்கிடையே நடைபெற்ற அவ்வாய்வு 1946இல் வெளியாயிற்று. தோமாக்குக்கு 1939இல் வழங்கப்பட்ட நோபெல் பரிசை ஏற்கவொட்டாது ஹிற்லரின் ஆட்சி தடுத்தது. போர் முடிந்தபின் 1947இலேயே அவர் பதக்கத்தைப் பெற்றார்.

மறுபுறத்தில், பிரான்சில் விற்றல் ஷோரின் என்பவர், நிக்கொற்றினமைட் என்னும் உயிர்ச்சத்து சயரோகக் கிருமிக்கு எதிராகத் தொழிற்படுவதை 1945இல் அறிவித்தார். சில ஆண்டுகளின் பின் அமெரிக்காவில் லெடர்லி ஆய்கூடத்தாரும் சுண்டெலிகளில் அதனையே தனித்துக் கண்டனர். நிக்கொற்றினமைட்டும் பிரிடீன் வளையம் உடையது. இவ்வாறு ஒன்றையொன்று அறியாத இரு பாதைகள் ஒரு சந்தியை நோக்கி வந்தன.

அமெரிக்காவில் ஹொவ்மன் லா றோஷ் நிறுவனத்தைச் சேர்ந்த ஹேர்பேர்ட் பொக்ஸ் இவ்விரண்டையும் ஒன்றுசேர்க்க எண்ணினார். தோமாக்கின் தயோசெமிகாபசோனிலுள்ள பென்சீன் வளையத்தை அகற்றி, அவ்விடத்திற் பிரிடீன் வளையத்தைப் பொருத்துதல் அவரது நோக்கம். அதனை ஆக்கும் வழியில் இடைநிலைப் பொருளாக வந்ததே ஐசோநிக்கொற்றினிக்கு அமில ஐதரசைட். குன்பேர்க், ஷ்னிற்சர் ஆகிய அவருடைய தோழர் அதனைச் சுண்டெலிகளிற் சோதித்தபோது, கருதிச்சென்ற இறுதிப் பொருளினும் அவ்விடைநிலைப் பொருளே மிக மேம்பட்டதாயிற்று. ஒரு மில்லிலீற்றர் ஊடகத்தில் ஒரு கிராமின் பத்திலட்சத்தில் ஒரு பங்கினுங் குறைந்த அளவே கிருமியின் வளர்ச்சியைத் தடுக்கப் போதுமானதாயிருந்தது. வியப்பு யாதெனில், அமெரிக்காவில் ஸ்குவிப் நிறுவனத்தாரும், ஜேர்மனியில் தோமாக்கின் குழுவினரும் அதே காலத்தில் தனித்தனியே அச்சேர்வையையே வந்தடைந்தமையாகும். 1952இன் தொடக்கத்தில் மூன்று இடத்துச் செய்திகளும் வெளியாயின.

மூன்று நிறுவனங்களும் அதற்கு ஆக்கவுரிமை கோர எண்ணியபோது, மேயர், மாலி ஆகியோரின் 1912ஆம் ஆண்டுக் கட்டுரை குறுக்கே நின்றது. முன்னரே அச்சில் வெளிவந்த பொருளுக்கு எவரும் தனியுரிமை கொள்ளல் இயலாது. எவரும் ஆக்கி விற்கலாம் என்றமையால் ஐசோநியாசிட் மலிவான மருந்தாயிற்று. சோதிக்கப்படாது கிடந்த அவ்வாக்கம், சோதனை முடிந்த பின்னர், வறிய நாடுகளின் நோயாளருக்கு இவ்வாறு எதிர்பாராத உதவி புரிந்தது.

மனிதரில் முதற் சோதனை 1951ஆம் ஆண்டின் நடுவில் நியூ யோர்க் நகரைச் சேர்ந்த ஸ்ரற்றன் தீவின் சீ வியூ வைத்தியசாலையில் ரொபிற்செக், செலிக்கொவ் என்னும் வைத்தியரால் தொடங்கப்பெற்றது. வேறு சிகிச்சை எதுவும் பலியாது கைவிடப்பட்டோருக்கு ஐசோநியாசிட்டும் அதன் இனமாகிய இப்ரோநியாசிட்டும் வழங்கப்பட்டன. காய்ச்சல் தணிந்தது, பசி பெருகியது, எலும்புந் தோலுமாய்க் கிடந்தோர் உடல் பெருத்தனர். அவர்கள் வைத்தியசாலைக் கூடத்தில் ஆடிப்பாடி மகிழும் படங்கள் பத்திரிகைகளில் வெளிவந்து உலகை வியப்பில் ஆழ்த்தின.

ஆயினும் ரியூபர்க்குலினையும் தங்கத்தையும் மறவாதோர் அவ்வியப்போடு அமையவில்லை. 1948இல் வெளியான பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஸ்ரெப்ரோமைசின் சோதனை அவர்களுக்கு ஒரு பாடமாயிருந்தது. அதில் 107 நோயாளர் குருட்டடைவாக இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டனர். 6 மாதத்தில் மருந்து பெற்ற 55 பேரில் 4 பேரும், படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேரும் இறந்தனர். மருந்தின் ஆற்றல் ஐயமற நிறுவப்பட்டது. ஆயின் ஆண்டுகள் கழிய இரு குழுக்களுக்கும் இடையிலிருந்த வேறுபாடு பெரிதும் சுருங்கியது. காரணம், கோடிக்கணக்கான கிருமிகளுள் மருந்துக்கு அடங்காத சில முதலிலேயே இருந்தன. ஏனையவை அழிய, அவை தழைத்துப் பெருகின. ஐசோநியாசிட்டைத் தனியே கொடுத்தபோதும் இதுவே நிகழ்ந்தது. ஒரு மருந்துக்கு அடங்காத கிருமி மற்றொன்றுக்கு அடங்கும் என்னும் எளிய கணக்கே இதற்குத் தீர்வாயிற்று. ஐசோநியாசிட்டை ஸ்ரெப்ரோமைசினுடனோ, சுவீடன் நாட்டு யோர்கன் லேமன் கண்ட பாஸ் என்னும் மருந்துடனோ சேர்த்துக் கொடுத்தபோது எதிர்ப்பு அரிதாயிற்று.

இனி எஞ்சியிருந்த வினா இரசாயனத்தைப் பற்றியதன்று, வறுமையைப் பற்றியது. நோயாளர் இலட்சக்கணக்கில் இருக்கும் நாடுகளில், சனற்றோரியப் படுக்கைகள் சில ஆயிரமே இருக்கும்போது, மருந்தை எவ்வாறு பயன்படுத்துவது? இவ்வினாவுக்கு விடை காண்பதற்கெனச் சென்னையில் 1956ஆம் ஆண்டு சயரோக இரசாயன சிகிச்சை நிலையம் நிறுவப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசாங்கம், உலக சுகாதார நிறுவனம், பிரித்தானிய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியன அதில் இணைந்தன. வொலஸ் பொக்ஸ் என்னும் ஆங்கில வைத்தியர் அதற்குத் தலைமை தாங்கினார்.

சென்னை நகரின் வறிய நோயாளர் 193 பேர் அச்சோதனையிற் சேர்க்கப்பட்டனர். குருட்டடைவாக ஒரு பகுதியினர் சனற்றோரியத்துக்கு அனுப்பப்பட்டனர். மறு பகுதியினர் தத்தம் வீட்டிலேயே இருத்தப்பட்டனர். இரு பகுதியினருக்கும் ஐசோநியாசிட்டும் பாஸும் 12 மாதம் வழங்கப்பட்டன. சனற்றோரியத்தில் இருந்தோர் ஓய்வும் நல்ல உணவும் காற்றோட்டமும் பெற்றனர். வீட்டில் இருந்தோர் நெருக்கமான குடிசைகளில், குறைந்த உணவை உண்டு, பலர் உழைத்தும் வந்தனர். 1959இல் முடிவு வெளியானது. ஆண்டிறுதியில் கிருமி நீங்கி நோய் தணிந்தோர் சனற்றோரியத்தில் நூற்றுக்கு 92 பேர். வீட்டில் 86 பேர். வேறுபாடு சிறிதே. வீட்டிலிருந்த நோயாளரோடு வாழ்ந்த உறவினரிடையே நோய் மிகுந்து காணப்படவுமில்லை. ஏனெனில் மருந்து தொடங்கியபின் கிருமி வெளிப்படுதல் விரைவிற் குறைந்தது. அவர்களுக்குத் தொற்றியிருந்தால் அது பெரும்பாலும் சிகிச்சை தொடங்குமுன்னரே தொற்றியிருந்தது.

மலைக்காற்றும் ஊட்டவுணவும் இன்றியமையாதன என்று அரை நூற்றாண்டுக்கு மேலாக நிலவிய நம்பிக்கையை அவ்வாய்வு அசைத்தது. தாயைக் குழந்தைகளிடமிருந்து பிரிக்காமலும், உழைப்பவனைக் குடும்பத்திலிருந்து அகற்றாமலும் நோயைக் குணமாக்கலாம் என்பது நிறுவப்பட்டது. உலகின் பல நாடுகள் வீட்டுச் சிகிச்சையைக் கைக்கொள்ளுதற்கு அது வழிகாட்டியது. அதேவேளை, மாத்திரையை மாதக்கணக்காகத் தவறாது உட்கொள்ளச் செய்வதே இனிவரும் பெருந் தடை என்பதையும் அந்நிலையத்தார் கண்டு எச்சரித்தனர்.

ஐசோநியாசிட் தீங்கற்றதன்று. சிலருக்கு அது கைகால்களில் எரிவையும் விறைப்பையும் உண்டாக்கியது. அதன் காரணம் 1950களில் விளங்கியது. உயிர்ச்சத்து பி6 என்னும் பிரிடொக்சீனும் பிரிடீன் வளையம் உடையதே. ஐசோநியாசிட் அதன் வேலையிற் குறுக்கிட்டு, அதனை உடலிற் குறையச் செய்கின்றது. பி6ஐச் சிறிதளவு சேர்த்துக் கொடுத்தால் அத்தீங்கு நீங்கும். இதனைத் தெளிவாக்குதற்குச் சென்னை நிலையத்தின் ஆய்வுகளும் துணைநின்றன. சிலர் உடலில் ஐசோநியாசிட் விரைந்து மாற்றமடைய, வேறு சிலர் உடலில் அது நெடுநேரம் நிற்பதும், இவ்வியல்பு பரம்பரையாய் வருவதும் அறியப்பட்டன.

கிருமியை அது கொல்லும் முறையும் படிப்படியாகவே வெளிப்பட்டது. ஐசோநியாசிட்டுக்கு மிகுதியும் அடங்காத கிருமிகள் கற்றலேசு என்னும் நொதியத்தை இழந்தவை என்று அமெரிக்கரான மிடில்புறூக் 1954இற் கண்டார். அந்நொதியத்துக்குரிய பரம்பரையலகு 1992இற் பிரித்தறியப்பட்டது. மருந்தாகிய பொருள் தன்னளவிற் கிருமியைக் கொல்வதில்லை. கிருமியின் சொந்த நொதியமே அதனை நஞ்சாக மாற்றுகின்றது. அந்நஞ்சு, மெழுகுச் சுவரின் கொழுப்பமிலங்களை ஆக்கும் தொழிலைத் தடுக்கின்றது. கிருமிக்குக் கவசமாய் நின்ற சுவரே அதன் அழிவுக்கு வாயிலாயிற்று. நொதியத்தை இழந்த கிருமியோ நஞ்சை ஆக்கமாட்டாமையால் தப்பிவிடுகின்றது.

இவ்வரலாறு ஒரு தனி நிகழ்ச்சியன்று. இரு நைதரசன் அணுக்களை வளையத்திற் கொண்ட பிரசினமைட் 1936இல் தல்மர், வோல்ற்றர் என்போரால் ஆக்கப்பட்டது. 1952இலேதான் சயரோக மருந்தென அறியப்பட்டது. சாதாரண ஊடகத்தில் அது கிருமியைத் தடுப்பதில்லை. அமில ஊடகத்திலும் சுண்டெலியின் உடலிலுமே தன் ஆற்றலைக் காட்டுகின்றது. இன்று சிகிச்சைக் காலத்தை 6 மாதமாகக் குறைத்ததில் அதற்குப் பெரும் பங்குண்டு. குயினொலீன் வளையத்தை உடைய பெடாகுயிலின் 2005இல் அறிவிக்கப்பட்டது. சயரோகக் கிருமியின் இனத்தைச் சேர்ந்ததும் விரைந்து வளர்வதுமாகிய வேறொரு கிருமியிற் சேர்வைகளைச் சோதித்தே அது தெரிந்தெடுக்கப்பட்டது. பழைய மருந்துகளுக்கு அடங்காத சயரோகத்துக்கு அமெரிக்காவில் 2012ஆம் ஆண்டு டிசம்பரில் அதற்கு அனுமதி கிடைத்தது.

இத்துணையும் நிகழ்ந்த பின்னரும், 2023ஆம் ஆண்டில் 1 கோடியே 8 இலட்சம் மக்கள் சயரோகத்துக்கு ஆளாயினர் என்றும், ஏறத்தாழ 12 இலட்சத்து 50 ஆயிரம் பேர் அதனால் இறந்தனர் என்றும் உலக சுகாதார நிறுவனம் மதிப்பிட்டுள்ளது. ஐசோநியாசிட்டுக்கும் அதன் துணைமருந்தாகிய றிபம்பிசினுக்கும் அடங்காத கிருமிகள் பல நாடுகளிற் பரவியுள்ளன. ஆகவே புதிய சேர்வைகளை ஆக்கும் வேலை முடிந்துவிடவில்லை.

பல்கலைக்கழக ஆய்கூடங்களில் இன்றும் பல்லினவட்டச் சேர்வைகள் ஆண்டுதோறும் மிகப் பலவாக ஆக்கப்படுகின்றன. தாளொன்றில் ஊறவைத்த மருந்து கிருமி வளரும் தட்டில் எவ்வளவு வட்டத்தைத் தெளிவாக்குகின்றது என்று அளந்து, அவ்வளவில் ஆய்வை முடித்துவிடுவோரும் உளர். அவ்வளவு தொடக்கமேயன்றி முடிவன்று. தட்டிற் பயன் காட்டாத புரொந்தோசில் சுண்டெலியைக் காத்தது. ஊடகத்தின் அமிலத்தன்மையை மாற்றாத வரையில் பிரசினமைட் தன்னை வெளிப்படுத்தவில்லை. நோயாளர் பலரைக் குணமாக்கியதாகப் போற்றப்பட்ட தங்கம் முறையான ஒப்பீட்டில் தோற்றது. சனற்றோரியம் இன்றியமையாதது என்ற துணிபு சென்னைக் குடிசைகளிற் பொய்த்தது. ஒவ்வொரு முறையும் உண்மையைப் புலப்படுத்தியது ஏற்ற சோதனையொன்றேயாகும்.

ஆக்குவோர் தாம் ஆக்கியதை ஒளிக்காது செம்மையாகப் பதிந்து வைத்தலும் இதிற் சிறிய தொண்டன்று. மேயரும் மாலியும் தம் பளிங்கைக் குறித்து எழுதிய சில பக்கங்களே, நாற்பதாண்டின் பின்னர், அதனை எவருக்கும் தனியுடைமையாகாது காத்தன. சோதிப்போரும் தமக்கு முன்னோர் ஆக்கி வைத்தவற்றைப் புதிய வினாவோடு மீண்டும் நோக்குதல் வேண்டும். பழைய சஞ்சிகைகளின் பக்கங்களிலும் ஆய்கூட அலுமாரிகளின் போத்தல்களிலும், உரிய வினாவை எதிர்நோக்கி இன்னும் எத்தனை சேர்வைகள் கிடக்கின்றனவோ! அவ்வினாவை எழுப்புதலும், அதன் விடையைப் பொறுமையோடும் நேர்மையோடும் சோதித்தறிதலும், இன்று இரசாயனமும் மருத்துவமும் பயிலும் மாணவரின் கடனாகும்.